இரண்டாவது டிரைவர்

"ஆறு நாளும் ஒரே ஆளு ஓட்டுனா இடுப்பு கழண்டுரும்ணே. ரெண்டாவது டிரைவர் யாரு?"

கம்பெனியில் கூட வேலை பார்க்கும் பிரதாப் கேட்டதும் மாதேஷ் லேப்டாப்பில் இருந்த இலங்கை வரைபடத்தை ரொம்ப அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினான். கொழும்பில் வாடகைக்குக் கார் எடுத்து, காலி, மலை மேல் இருக்கும் எல்ல, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொழும்பிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவதாகத் திட்டம். இரண்டு ஜோடி, ஒரு கார். பிரதாப்பின் மனைவி லாவண்யாவுக்கு ஸ்கூட்டியைத் தாண்டி எதுவும் வராது. மாதேஷுக்கு பைக்கோடு சரி.

மிச்சம் அவன் மனைவி அருணா. அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். ஒரு டன் பெட்டியைக் கூரை உயரத்துக்குத் தூக்கி இம்மி பிசகாமல் அடுக்கில் வைத்துவிடுவாள். கார் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பயணப் பேச்சை எடுத்த அன்றே, "மலை ரோட்ட எனக்கு வுட்டுருங்க" என்று சொல்லி, அரை நாள் லீவு போட்டு, வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட்டையும் ஆர்.டி.ஓ. ஆபீசில் வாங்கி வந்துவிட்டாள்.

பிரதாப்புக்குத் தெரிந்த அருணா வேறு. மாதேஷ் சூப்பர்வைசரான புதிதில் கேன்டீனில் யாரோ, "வீட்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டார்கள். குடோனில் லோடு ஏற்றுகிறாள் என்று சொல்ல அவனுக்கு நாக்கு கூசியது. ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை என்றான். அந்தப் பொய் இரண்டு வருடமாகச் சம்பளமில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது.

அருணா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். மாதேஷே தன் பேரைச் சொல்லட்டும் என்று சிரித்த முகமாக நின்றாள்.

"அக்கா, நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதானே உக்காந்திருக்கீங்க, டிரைவிங் கத்துக்கலாம்ல?" என்றாள் லாவண்யா.

அருணா புருஷனைப் பார்த்தாள். அவன் மறுபடியும் வரைபடத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"ஆமா லாவண்யா," என்றாள் அருணா. "உக்காந்து உக்காந்து முதுகு புடிச்சுக்குது. வண்டின்னா எனக்கு பயம்."

மாதேஷுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பொய் சொன்னதைவிட, அதை அவள் இத்தனை சுத்தமாகத் தூக்கிச் சுமந்ததுதான் தாங்க முடியாத அவமானமாக இருந்தது.

"அப்ப டிரைவரோட வேன் எடுத்துரலாம்ணே," என்று பிரதாப் முடித்தான்.

பிரதாப்பும் லாவண்யாவும் வீட்டுக்குக் கிளம்பும்போது தெரு அடைத்திருந்தது. எதிரே தண்ணீர் லாரி. பிரதாப் காரைப் பின்னால் எடுத்துத்தான் போக வேண்டும். மாதேஷ் ஓடிப்போய்ப் பின்பக்கம் தட்டி, "வா, வா" என்றான். கார் சுவரை உரசியது. முன்னே போய் மறுபடி வந்து, மறுபடியும் உரசியது.

வாசற்படியில் நின்ற அருணாவின் கண் பின்சக்கரத்திலேயே இருந்தது. வலது கை தானாக எழுந்து, காற்றில் அரை வட்டம் திரும்பியது. மாதேஷ் பார்ப்பதைக் கண்டதும், அந்தக் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.