கோட்டுக்குக் கீழே

படகுக்காரனின் கடைக்குட்டிக்கு ஒன்பது வயது. நாடகம் ஓடுகிற பதினெட்டு வருஷமாக ஒன்பதுதான். அந்த வேஷம் கட்டுகிற பிள்ளைகள்தான் பாவம், பாட்டுப் பாடிக்கொண்டே வளர்ந்து தொலைப்பார்கள். அதற்காகவே ஒப்பனை அறையின் கதவு நிலையில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் அளப்பார்கள். தலை கோட்டைத் தாண்டினால் பூச்செண்டு கொடுத்து அனுப்பிவிட்டு வேறு பிள்ளையைக் கூட்டி வருவார்கள். எட்டுப் பேர் அப்படிப் போனார்கள். ஒருத்தியும் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்ததில்லை.

ஒன்பதாவதாக வந்தவளை எல்லோரும் வாண்டு என்றார்கள். வந்த புதிதில், வேஷம் கைநழுவிவிடுமோ என்று அளக்கிற நாளெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். வளரவே கூடாது என்று வேண்டிக்கொண்டு நிற்பாள். வேண்டுதல் பலித்துத் தொலைத்தது. இப்போது அவளுக்குப் பதினான்கு. ஐந்து வருஷத்தில் ஒரு நூல் ஏறவில்லை. கோட்டுக்கு ஒரு விரல் கீழே, அன்றைக்கு நின்ற அதே இடம். டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், எலும்பைப் படம் பிடித்தார்கள், கடைசியில் கையை விரித்தார்கள்.

இவளைவிட மூன்று வயது சின்னவளான தங்கை இப்போது இவளைவிட ஒரு தலை உயரம். போன வாரம் பஸ்ஸில் ஒரு பெரியவர் தங்கையிடம், “உன் தங்கச்சிய மடியில வச்சுக்கோம்மா” என்றார். வாண்டுக்கு அழுகை முட்டியது. வேஷமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அம்மாவிடம் போய் நின்றாள்.

“கிடைக்காத வாய்ப்பு, கண்ணு. கோட்டைத் தாண்டினா அவங்களே அனுப்பப் போறாங்க. அதுவரைக்கும் ஆடேன்” என்றாள் அம்மா.

அடுத்த திங்கட்கிழமை வாண்டு பாதத்தை மறைத்துத் தொங்கும் கவுனுக்குள் குதிகாலை உயர்த்தி எக்கி நின்றாள். உடைகளைப் பார்த்துக்கொள்கிற தையலக்கா தலையில் அட்டையை வைத்துப் பென்சிலால் குறித்தாள். அதே இடம்.

தையலக்கா கவுனின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். “எக்கியா நிக்கிற?”

“ஆமாக்கா.”

“இறக்கு.”

வாண்டு குதிகாலைத் தரையில் ஊன்றினாள். அட்டை நிலையோடு அழுந்தியபடியே இருந்தது. தலையும் அதைத் தொட்டபடியே இருந்தது.

“என்னை எப்படியாவது வெளிய அனுப்பிடுங்கக்கா” என்றாள் வாண்டு.

தையலக்கா எதற்கும் அசராதவள். கத்திரிக்கோல் முனையால் பழைய கோட்டைச் சுரண்டி எடுத்தாள். இரண்டு விரல் கீழே புதுக்கோடு போட்டாள். “இப்ப நீ கோட்டுக்கு மேல. ஓடு, மேனேஜரைக் கூட்டிட்டு வா.”

வாண்டு சிரித்துக்கொண்டே ஓடினாள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று. மேனேஜர் வந்தார், பின்னாலேயே, வெளியே காத்திருந்த அம்மாவும் கலவரத்தோடு வந்தாள். மேனேஜர் தன் கையாலேயே அட்டையை வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“யாரு தாண்டிட்டான்னு சொன்னது? இன்னும் ஒரு விரல் பாக்கி இருக்கே.”

“நான் பயந்தே போயிட்டேன்” என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

வாண்டு தையலக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் நிமிரவில்லை. வாய் நிறையக் குண்டூசிகளோடு முழங்காலிட்டு உட்கார்ந்து, தரையில் புரண்ட இவள் கவுனை இரண்டு விரல் உள்ளே மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள்.