ஊர் அடங்கிய நாளின் தண்ணீர்

மலைச் சுரங்கத்திலிருந்து ஊர்ப் பக்கம் இறங்கி ஓடும் ஓடையைக் கண்காணிக்கிற வேலை அலிப்பியோவுக்குக் கிடைத்ததற்குத் திறமை காரணமில்லை. ஆள் எடுத்த கூட்டத்துக்கு ஊரிலிருந்து போனவன் அவன் ஒருவன்தான். சுரங்கக் கம்பெனி அவனுக்குத் தொப்பி கொடுத்தது. ஊர் ‘டாக்டர்’ என்று பட்டம் கொடுத்தது. வாரம் ஒரு முறை பாலத்தடியில் ஆரஞ்சுப் பழம் ஒன்றை மிதக்கவிட்டு நீரோட்டத்தின் வேகத்தைக் கணக்கிடுவான். சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்ப்பான்: பச்சை என்றால் நல்ல தண்ணீர், சிவப்பு என்றால் புளித்த தண்ணீர். பாட்டிலில் தண்ணீர் பிடித்து நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவான். கைக்குத் திரும்ப அகப்பட்ட ஆரஞ்சு, அந்த உத்தியோகத்தின் ஒரே மேல்வரும்படி.

தாள் எப்போதும் பச்சையாகத்தான் ஆனது. ஆனால் ஊரின் நாற்றங்கால் கருகியது. மறுபடி விதைத்தார்கள்; அதுவும் நுனியில் பழுக்க ஆரம்பித்தது. மூன்றாவது முறை விதைக்க யார் வீட்டிலும் நெல் இல்லை.

“ஓடைக்கு ஒரு நோயும் இல்லேங்கறீங்க. அப்புறம் என் நாத்து ஏன் சாவுது, டாக்டரே?” என்றாள் அவன் மனைவி தம்மாய்.

 டாக்டருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இரண்டு முறையும் நாற்று வாடியது ஊர் அடங்கிய நாளுக்கு அடுத்துத்தான். பெரியவர்கள் சகுனம் பார்த்து அடங்கச் சொன்னால், பாதைகளில் நாணல் முடிச்சு விழும். யாரும் வெளியே போகக்கூடாது, உள்ளே வரக்கூடாது, மண்ணிலும் தண்ணீரிலும் கை வைக்கக்கூடாது. பூமி இளைப்பாற வேண்டும். அந்த நாளில் ஓடையைப் பார்த்தவர் எவருமில்லை, அதற்கென்றே நியமிக்கப்பட்டவன் உட்பட.

அடுத்த முறை ஊர் அடங்கியபோது, அரிசிக் கள்ளில் எல்லோரும் கண்ணயர்ந்த மதிய நேரத்தில், அலிப்பியோ நாணல் முடிச்சைத் தாண்டினான். 

பாலத்தடியில் தண்ணீர் பளிங்குபோல் கிடந்தது. வந்ததற்கு வெட்கப்பட்டுக்கொண்டே தாளை நனைத்தான். செக்கச் சிவந்தது. பாட்டிலை நிரப்பிக்கொண்டு கரையோடு மேலே ஏறினான்.

சுரங்கத்திலிருந்து வரும் புளித்த அமில நீரைச் சுண்ணாம்பு கலந்து முறித்த பிறகே ஓடையில் விடுவார்கள். அதற்கான கொட்டகை இன்று சாத்தியிருந்தது. புளித்த நீர் அதைச் சுற்றிக்கொண்டு தன்பாட்டுக்குப் போனது. கதவில் தொங்கிய பூட்டை அவனுக்குத் தெரியும். தம்மாயின் தம்பி, மச்சான் கிமாயின் பூட்டு. கொட்டகையில் வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் அவன் ஊர்க்காரர்கள். பூமிக்குக் கெடுதல் வரக்கூடாதென்று எல்லோரும் வீட்டில் அடங்கிக் கிடந்தார்கள். கம்பெனி மாற்று ஆள் போடவில்லை. வேறொரு நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

திரும்பும் வழியில், ஓடைத் தண்ணீர் வயலுக்குப் பிரியும் இடத்தில், ஊர் வாய்க்காலின் தலைப்பு. ஒரு தப்புதான் ஆகிவிட்டதே என்று இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அதை அடைத்தான்.

மறுநாள் பாட்டிலில் தேதி எழுத வேண்டும். தேதி இல்லாவிட்டால் ஆய்வுக்கூடம் வாங்காது. இன்றைய தேதி போட்டால் தப்பிக்கலாம். ஆனால் இன்று கொட்டகை திறந்தாயிற்று, தண்ணீர் நல்ல தண்ணீர்; இந்தத் தேதியில் சிவப்பு வந்தால் யாரும் நம்பமாட்டார்கள். நேற்றைய தேதியையே எழுதி, பெரியவர்கள் கூடும் கல்முற்றத்துக்கு எடுத்துப் போனான். ஊரே கூடியது.

மூத்தவர் புலாத் பாட்டிலைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“நேத்து தேதி போட்டிருக்கு.”

“ஆமாங்க ஐயா.”

“நேத்து ஊர் அடங்கியிருந்துச்சு.”

“ஊர் அடங்குச்சுங்க. ஓடைதான் அடங்கல.”

“டாக்டர் வீடு தேடிப் போய் வைத்தியம் பாத்திருக்காருடோய்!” என்று யாரோ கத்த, சிரிப்பு கிளம்பியது. அலிப்பியோ பாட்டில் தண்ணீரில் தாளை நனைத்துக் காட்டினான்; சிவந்தது. சிரிப்பு நின்றது. கொட்டகையைப் பற்றிச் சொன்னான். வாய்க்காலை அடைத்ததையும் சொன்னான்.

கிமாய் எழுந்தான். “என்னையா சொல்றே, மச்சான்? சம்பளத்த விட்டுட்டுல்ல வீட்ல கெடந்தேன்!”

“தெரியும்டா. நான் மட்டும் என்ன, இத்தன நாளும் குறட்டைதான் விட்டேன்.”

பெரியவர்கள் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு புலாத் சொன்னார்: “தண்ணிய அனுப்பு. அடங்குற நாளுக்கு வெளியாள் போடச் சொல்லி கம்பெனிகிட்ட நாங்களே போய்க் கேக்கறோம். ஆனா தப்பு தப்புதான், அபராதம் உண்டு. முடிச்சத் தாண்டினதுக்கு ஒரு பன்னி. மண்ணயும் தண்ணியயும் தொட்டதுக்கு ஒரு பன்னி.”

“எங்ககிட்ட இருக்கறதே ஒண்ணுதாங்க,” என்றாள் தம்மாய். வாய்க்காலை அடைத்ததால் பிழைத்த இரண்டாம் நாற்றில் ஒரு பிடி அவள் கையில் இருந்தது, நுனி பழுத்திருந்தாலும் பச்சை.

 அலிப்பியோ இருந்த ஒன்றை ஓட்டிவர எழுந்தான்.

கிமாய் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: “இன்னொண்ணு எங்க வீட்லேர்ந்து வரும்.” பிறகு மச்சானைப் பார்த்து, “ரொம்ப முரடு அது. ரெண்டு பேரும் போய்த்தான் பிடிக்கணும், வா,” என்றான்.