வலி தொடங்கிய நேரம்

"வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று டாக்டரம்மா கேட்டதும், தையல்காரர் பக்கத்தில் நின்ற மச்சினனை ஒருமுறை பார்த்தார். அக்கா என்றால் உயிரை விடுகிறவன் அவன்.

"பத்து மணி இருக்கும்" என்றார்.

பொய். விடிந்ததுமே அவர் மனைவி தாடையும் முதுகும் வலிக்கிறது என்றாள். அவர் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "வாயுவா இருக்கும், வெந்நீர் குடி" என்றார். பள்ளிச் சீருடை நாற்பது உருப்படி மதியத்துக்குள் போயாக வேண்டும். அந்த வலியோடே உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுத்தாள். ஒரு மணிக்குச் சுருண்டு விழுந்தபோது கை கால் சில்லிட்டுப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய் அடைப்பை நீக்கிவிட்டார்கள். இதயம்தான் அசந்து போய்விட்டது. இரத்தத்தைத் தள்ள அதற்குத் தெம்பில்லை. தொடை வழியாகக் குழாய்களைச் செலுத்தி, கட்டிலருகே ஓர் இயந்திரத்தை நிறுத்தி, இதயத்தின் வேலையை அதனிடம் விட்டார்கள்.

"பொழைச்சிடுவாளா?"

"வயசு நாப்பத்தி நாலுதான், அது நமக்குச் சாதகம். ஆனா ரத்தத்துல லாக்டேட் ஏறிக் கெடக்கு. உடம்புக்கு ரத்தம் போதலேன்னு அர்த்தம். அது இறங்கணும், சிறுநீர் பிரியணும். மெஷின் இதயத்துக்கு ஓய்வுதான் கொடுக்கும். எழுந்துக்க வேண்டியது அதுதான்."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு தண்ணீர் எல்லாம் அந்த லாக்டேட் எண்தான். முதல் நாள் பதினொன்று. மறுநாள் ஏழு. மூன்றாம் நாள் நர்ஸ் கதவைத் திறந்து, "ரெண்டுக்கு வந்துடுச்சுங்க, யூரினும் நல்லா போகுது" என்றபோது, அந்த வராந்தாவிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார்.

நான்காம் நாள் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். இரத்த அழுத்தம் சடசடவென்று சரிந்தது. பழையபடி ஏற்றிவிட்டு வெளியே வந்த டாக்டரம்மாவின் நெற்றி சுருங்கியிருந்தது.

"மூணு மணி நேரத்துல கொண்டுவந்த இதயம் இவ்வளவு அசந்திருக்கக் கூடாதே. வேற அடைப்பு இருக்கான்னு மறுபடி உள்ள போய்ப் பாக்கணும்."

"அதுல ஆபத்து இருக்கா?"

"இப்ப இருக்கற நிலைமையில எதைத் தொட்டாலும் ஆபத்துதான்."

தையல்காரர் திரும்பிப் பார்த்தார். மச்சினன் தோளுரசி நின்றிருந்தான்.

"பத்து மணி இல்லம்மா" என்றார். "விடியக்காலைலேயே வலிக்குதுன்னா. நான்தான் வாயுன்னுட்டேன்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "அப்ப ஏழு மணி நேரம். கணக்கு சரியா வருது. உள்ள போக வேண்டாம், இன்னும் மூணு நாள் ஓய்வு கொடுப்போம். அதுக்குள்ள கிருமியோ ரத்தக் கசிவோ வராம இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சினன் அவரையே பார்த்தான். "வாயுன்னா சொன்னீங்க, மாமா?" அவ்வளவுதான். விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டான்.

அந்த மூன்று நாளும் உள்ளே ஏதாவது ஒன்று 'பீப்' என்றால் அவர் எழுந்து கதவுக்கு ஓடினார். மச்சினன் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. அதில் இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் ஒரு பையோடு வந்தான். முகத்தைப் பார்க்காமலே நீட்டினான்.

"சட்டையை மாத்துங்க. இந்தக் கோலத்துல பாத்தா அக்கா பயந்துடும்."

ஏழாம் நாள் மறுபடி குறைத்தார்கள். பாதியாக்கினார்கள், கால்வாசியாக்கினார்கள். அழுத்தம் தள்ளாடியது, சரியவில்லை. மதியத்துக்குள் குழாய்களை எடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அவள் வீடு திரும்பினாள். இதயத்துக்குப் பாதித் தெம்புதான், மாத்திரை ஆயுசுக்கும் என்றார்கள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அவள் லேசாகப் பெருமூச்சு விட்டாலும் அவர் தைப்பதை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"என்ன, வலிக்குதா? எங்க?"

"கொட்டாவி விட்டேங்க. அதுக்கும் டாக்டரம்மாவைக் கூப்பிடப் போறீங்களா?"

"கூப்பிடுவேன்" என்றார் அவர், போனைக் கையில் பிடித்தபடியே.