முன்னாள் மேயருக்கு எண்பது வயது

1

இந்தக் கதை ஒரு கேக்கிலிருந்து வந்தது. அதுவும் என் வீட்டுக் கேக் இல்லை. போன வாரம் வேலியோரம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ரோஸ்விதா தன் கணவனிடம் கத்துவது காதில் விழுந்தது.

"சனிக்கிழமை வீட்ல இருக்கோமா, எங்கயாவது ஓடிப் போறோமா? கேக் பண்ணணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லித் தொலை!"

ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் ஆயுசு முழுக்க மருந்துக்கடை வைத்திருந்தவளுக்குக் காது சும்மா இருக்காது.

அந்தக் கணவர் எக்கெஹார்ட் ட்ரோஸ்ட், எங்கள் சின்ன ஊர் வைசன்ரோட்டின் முன்னாள் மேயர். சனிக்கிழமை அவருக்கு எண்பது நிறைகிறது. எண்பது ஆனவர் வீட்டுக்கு மேயரே பரிசுக்கூடையோடு போய் வாழ்த்துவது இங்கே வழக்கம். இப்போதைய மேயர் ஸ்வென்யா லோமான், பத்து வருஷத்துக்கு முன்னால் தேர்தலில் ட்ரோஸ்ட்டைத் தோற்கடித்தவள். அவளுக்கு அவர் கதவைத் திறப்பாரா, மாட்டாரா? கதை இவ்வளவுதான். தெரிந்த ஆள், சுலபமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "போர் முடியும் தறுவாயில், குண்டு விழாத ஒரே தெருவில் பிறந்தவர்—"

வேண்டாம். எங்கள் ஊரில் குண்டு போட யாருக்கும் தோன்றியதில்லை.

இரண்டாவது: "அதிகாரம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்றால்—"

இதுவும் வேண்டாம். எங்கள் மேயர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதிகாரம் என்று பார்த்தால் மயானத்துத் தண்ணீர்க்குழாய், மழலையர் பள்ளியின் வேலி, திருவிழாவில் முதல் பீர்ப் பீப்பாயைத் திறப்பது. வயிற்றுப்பாட்டுக்கு ட்ரோஸ்ட் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கி லைசென்ஸ் எடுத்தவர்கள். திட்டியவருக்கே இருபத்தைந்து வருஷம் ஓட்டும் போட்டோம். ஸ்வென்யாவும் அவரிடம் கற்றவள்தான்.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொண்டேன். ட்ரோஸ்ட் மேயராக இருந்த காலம்; எண்பது ஆனவர் வீட்டு மணியை அவர் அடித்ததும் உள்ளே ரேடியோ சட்டென்று நின்றுவிடும். மேயர் வந்தால் பாதி நாள் போய்விடும் என்று பிறந்தநாள்காரர்கள் பதுங்குவார்கள். ட்ரோஸ்ட் விடமாட்டார். தோட்டத்தைச் சுற்றிப் போய்ச் சமையலறை ஜன்னலைத் தட்டுவார்.

"மார்க்வார்ட், மேசைக்கு அடியில உன் கால் தெரியுதுப்பா. எண்பது வயசுல அங்கேருந்து எப்படி எழுந்திருப்ப? கதவைத் திற, வந்து தூக்கி விடறேன்."

[மேசை என் கைச்சரக்கு. மார்க்வார்ட் உண்மையில் ஒளிந்தது திரைக்குப் பின்னால். மேசை நன்றாக இருப்பதால் விட்டுவைக்கிறேன்.]

3

ட்ரோஸ்ட்டைக் கர்வம் பிடித்தவராக எழுதினேன். தோல்வியை மறக்காத மனிதர். ஒரு முடிவில் மனைவியோடு மோசல் ஆற்றுப் பக்கம் கிளம்பிவிடுகிறார். இன்னொன்றில் கதவை ஒரு கை அளவு திறந்து, கூடையை வாங்கிக்கொண்டு சாத்துகிறார். கண்கள் கலங்க அவளைக் கட்டிக்கொள்ளும் முடிவு ஒன்றும் எழுதினேன். அதைப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

மூன்றையும் ரோஸ்விதாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலியோரமே நின்று படித்தாள்.

"கர்வமா? இவனுக்கா? கடையில மருந்தையும் இப்படித்தான் ஆள் மாத்திக் கொடுத்தியா கெர்லிண்ட்?"

"பின்ன என்னடி?"

"வெட்கம். வேற ஒண்ணுமில்ல, வெட்கம்."

பிறகு சொன்னாள். தேர்தல் முடிவு வந்த அன்று ஊரே கூடியிருந்தது. தோற்றவர் முதலில் போய் ஜெயித்தவருக்குக் கைகொடுக்க வேண்டும். ட்ரோஸ்ட் பூங்கொத்துகூட வாங்கி வைத்திருந்தார். கடைசி நிமிஷத்தில் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அந்தப் பூவை நான்தான் தண்ணி மாத்தி மாத்தி வெச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன். ஊர்ல ஒருத்தர் விடாம வாழ்த்தினவன், அந்தப் பொண்ணை மட்டும் வாழ்த்தல. அவளைத் தெருவுல பார்த்தா எதிர்ப்பக்கம் தாண்டிடறான். இப்ப அவ கூடையைத் தூக்கிட்டு வந்து நிப்பா. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாங்கறதுன்னு என்கிட்ட கேக்கறான்."

4

மூன்று முடிவுகளையும் கிழித்துப் போட்டேன். இத்தனை வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. வருத்தமாக இருந்தது. அவரை முன்பைவிடப் பிடித்தும் போனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே வேலிக்கு வந்தார்.

"என்னைப் பத்தி எழுதறியாமே?"

"ஆமா."

"நாளைக்கு நான் கதவைத் திறக்கறேனா?"

கதையில் வருகிற ஆள் எழுதுகிறவளிடம் வந்து முடிவைக் கேட்கிறார்! எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும் இது? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது.

"இன்னும் எழுதல" என்றேன்.

"நல்லதா ஒண்ணு எழுதேன். அதைப் பார்த்து அப்படியே செஞ்சுடறேன்."

"இருபத்தஞ்சு வருஷம் ஊரை நடத்தினவன், ஒரு கதவுக்கு என்கிட்ட வந்து நிக்கறியே!"

சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "திறந்துட்டு என்ன சொல்றது?"

"அவ வாழ்த்துவா. நன்றி சொல்லிட்டு உள்ள கூப்பிடு."

"அதுக்கு முன்னாடி நான் அவளை வாழ்த்தணும்."

"அப்ப முந்திக்கோ."

"பத்து வருஷம் கழிச்சா?"

பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன்னால் வாழ்த்தினாலே ஆகாது என்று எங்கள் ஊரில் பயப்படுவார்கள். பத்து வருஷம் பிந்தி வாழ்த்தினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. எனக்கும் தெரியவில்லை என்றேன்.

5

இன்று சனிக்கிழமை. ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்வென்யாவின் கார் வந்து நின்றது. கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். மணியை அடிக்காமல் நிற்கிறாள். ஒரு கையால் தலைமுடியைச் சரி செய்துகொள்கிறாள். இவளுக்கும் பயம் இருக்கும் என்று நான் எந்தத் தாளிலும் எழுதவில்லை.

அவள் விரல் மணியைத் தொடுவதற்குள் கதவு திறந்துவிட்டது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ட்ரோஸ்ட் வாசலில் நிற்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, ஒரே நேரத்தில் மூடிக்கொண்டார்கள். யாராவது ஒருவர் முதலில் சொல்லியாக வேண்டும்.

என் ஜன்னலைத் திறந்தால் எல்லாம் கேட்கும். நான் திறக்கப்போவதில்லை. பேனாவையும் மூடப்போகிறேன். முதல் வார்த்தை யாருடையது, என்ன வார்த்தை என்பதை இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். ரொம்ப யோசிக்காதீர்கள். கூடை இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது, நல்ல கனம்.