மின்தடை நாளில் ஒரு முனகல்

மேற்குமலைத் தொடரின் நடுவே வாய்திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வழியே புகுந்த ஆனித் திங்களின் காற்று, போத்தனூர் இருப்புப்பாதைகளைத் தடவி, காந்திபுரத்துப் பேருந்துகளின் புழுதியை வாரியெடுத்து, வடக்கே கணபதியின் குறுந்தெருக்களுள் நுழைந்தபோது, அங்கே பேரமைதி நிலவியது. நாள்தோறும் இரும்பைச் சீவி அலறும் கடைசல் பட்டறைகள் அனைத்தும் அன்று வாய்மூடிக் கிடந்தன. பராமரிப்பின் பொருட்டுத் திங்களுக்கொரு பகல் மின்சாரத்தை நிறுத்திவைக்கும் நாள் அது. ஊரே சலித்துக்கொள்ளும் அந்நாளை, கற்றறிந்த வாசகரே, ஒருத்தி மட்டும் தவங்கிடந்து எதிர்பார்த்திருந்தாள்.

அவள் பெயர் சமீரா. வயலின் முதலிய பல்லியக் கருவிகளுக்கும் சேர்ந்திசைக் குழுவுக்குமாகக் 'கணவாய்க் காற்று' என்னும் புத்திசை ஒன்றை இயற்றி, பட்டறைகளின் நடுவே இருந்த பழைய பஞ்சுக் கிடங்கில் கருவிக்காரரையும் பாடுநரையும் நிறுத்தி, தானே கோலேந்தி நடத்தி, மின்கலங்களின் துணையால் அதைப் பதிவுசெய்ய வந்திருந்தாள். மாலையில் மின்சாரம் வந்தால் பட்டறைகள் அலறும். வயலின்காரரோ அன்றே சென்னைக்கு வண்டியேறி, பின்னர் திக்கொருவராய்ப் பிரிந்துவிடுவர். அன்று விட்டால் என்றுமில்லை. இசையில் சமீரா வல்லவள்தான். மனிதரை நம்புவதில்தான் அவளுக்குக் கை வராது. பாலைக் காய்ச்சுமுன் மோந்து பார்ப்பதுபோல எவர் சொல்லையும் மோந்து பார்த்தே ஏற்பாள்.

முதற்பகுதி முடிந்ததும், காதில் ஒலிப்பான் மாட்டியிருந்த பதிவாளன் இல்யாஸ் புருவத்தை நெரித்தான்.

"ஏனுங்க அக்கா, உள்ளார யாரோ முனகறாங்க. பொம்பளைக் கொரலுங்க."

சமீராவும் பதிவை ஓட்டிக் கேட்டாள். பாட்டின் இறுதியில் தனிக்குரலாய் எழவேண்டிய மெட்டை, எவரோ உதடு திறவாமல் அடியோட்டமாய் இழுத்துக்கொண்டிருந்தனர். அனைவரையும் எச்சரித்து மீண்டும் பதிந்தாள். முனகல் மீண்டும் வந்தது.

அத்தனிக்குரலுக்கு உரியவள் பூவாத்தாள். போத்தனூர்ப் பள்ளியொன்றின் ஆசிரியை. நகரின் தென்கோடியிலிருந்து பேருந்து மாறி மாறி ஒத்திகைக்கு ஒருநாளும் தவறாமல் வந்தவள். தன் குரல் ஒரு பதிவிலேனும் நிலைக்கவேண்டும் என்பதன்றி வேறு ஆசை எதையும் வாய்விட்டுச் சொல்லாதவள். ஐயம் வந்துவிட்டால் அகப்பட்டதெல்லாம் சான்றாகிவிடுமன்றோ? காந்திபுரத்து நிறுத்தத்தில் பூவாத்தாள் எதையோ முணுமுணுத்து நின்றது சமீராவின் நினைவுக்கு வந்தது. அம்மெட்டை இன்னும் மெல்ல நடத்தலாமே என்று அவள் கேட்டதும், தான் மறுத்ததும் நினைவுக்கு வந்தன. அந்தக் கறுவத்தில் கெடுக்கிறாள் என்று முடிவுகட்டினாள்.

"பூவாத்தாக்கா, வேணும்னே பண்றீங்களா?"

"நானில்லீங்க அம்மணி."

"வேற யாருங்க? அது உங்க மெட்டுத்தானுங்க?"

பூவாத்தாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சமீராவின் முகத்தை உற்று நோக்கினாள். எடுத்த சொல்லை விழுங்கிக்கொண்டாள்.

"நீங்க ஊட்டுக்குப் போலாமுங்க," என்றாள் சமீரா. கொங்குநாட்டில் ஒருவரைத் துரத்தும்போதும் மரியாதைக்குக் குறைவில்லை. பூவாத்தாள் தன் பையை எடுத்துக்கொண்டு, எவரையும் பாராமல் வெயிலில் இறங்கி நடந்தாள்.

அடுத்த பதிவிலும் முனகல் இருந்தது. இப்போது சமீராவுக்கு எல்லார்மீதும் ஐயம். மேல்வரிசைப் பாடுநர் மூவரை மாறி மாறி வெறித்தாள். இல்யாசின் கருவியையே குறைசொன்னாள். அவனோ பொறுமை இழக்காமல், "கட்டடமே சத்தம் போடுதான்னு பாத்துப்போடலாமுங்க. எல்லாரும் சும்மா நிக்கட்டும். எந்த எடத்துல வருதுன்னு தெரியோணும், நீங்க மட்டும் கையக் காட்டுங்க," என்றான்.

அவ்வாறே செய்தனர். வயலின் விற்கள் மடியில் கிடந்தன. பாடுநர் இதழ்களை இறுக மூடி நின்றனர். சமீராவின் கைகள் மட்டும் எழுந்தும் தாழ்ந்தும் ஓசையற்ற இசையை நடத்தி முடித்தன. பின்னர் இல்யாஸ் அதை அனைவரும் கேட்கும்படி ஒலிக்கவிட்டான். ஆளற்றதுபோன்ற அவ்வமைதியின் நடுவே அதே மெட்டு, அதே முனகல், தெள்ளத்தெளிவாய்ச் சமீராவின் குரலில் எழுந்தது. பாடுநருள் சிலர் தலைகுனிந்தனர். அவர்களுக்கு அது புதிய செய்தியன்று என்பதைச் சமீரா கண்டுகொண்டாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

கைப்பேசியை எடுத்துப் பூவாத்தாளை அழைத்தாள். மறுமுனையில் பேருந்தின் இரைச்சல் கேட்டது.

"அக்கா... அது நான்தானுங்க."

"தெரியுமுங்க அம்மணி. மொத ஒத்திகையிலயே தெரியும்."

"அப்புறம் ஏனுங்க சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா கண்ணு?"

சமீரா திரும்பி வரும்படி கெஞ்சினாள்.

"போத்தனூருக்குப் பக்கமா வந்துட்டேனுங்க. இனித் திரும்பி வாரதுக்குள்ள கரண்டு வந்துருமுங்க. என்ற எடத்துல நீங்களே பாடிப்போடுங்க. அது உங்களுக்குத் தன்னால வருதே."

அச்சொல்லில் சினமில்லை. அதுதான் சமீராவைச் சுட்டது. பிறிதொருத்தியின் இடத்தில் நின்று பாட அவளுக்கு வாய் வரவில்லை. முனகல் எழாதபடி கைக்குட்டையைப் பற்களிடையே கடித்துக்கொண்டு, கண்ணீர் கன்னத்தில் வழிய, பாட்டை முதலிலிருந்து நடத்தி, இறுதிப் பகுதியைத் தனிக்குரல் இல்லாமலேயே முடித்தாள். பதிவு தூய்மையாய் வந்தது. அவள் விரும்பியவாறே அயற்குரல் ஒன்றும் அதில் இல்லை.

பதிவு வெளிவந்தபின் கேட்டோர் பலர், இறுதியில் நரம்புக் கருவிகள் மட்டும் தனித்து நிற்கும் அவ்வெற்றிடத்தை அரிய உத்தியென்று போற்றினர். அப்பாராட்டுக்குச் சமீரா இன்றுவரை நன்றி சொன்னதில்லை. பிறர் வாயைக் காவல்காத்தே பழகியவர்க்குத் தம் வாயிலிருந்து எழுவது கேட்பதில்லை. கேட்கும் நாளிலோ, பாடவேண்டியவர் பேருந்தேறிப் போயிருப்பார்.