நூற்றுக்குப் பதினொன்று

கணக்கு வாத்தியாருக்குக் 'கருணை மார்க்' என்று பட்டப்பெயர். வெற்றுத்தாளுக்குக்கூட, அழுக்காக்காமல் திருப்பித் தந்ததற்காகப் பாஸ் போட்டவர். அவரிடம் ஃபெயிலாகப் பெரும்பாடுபட்ட ஒருவன், முடியாமல் போய் என்ஜினீயர் ஆகிவிட்டான்.

அவர் மனைவியின் மார்பிலிருந்து எடுத்த கட்டி பரிசோதனைக்குப் போயிருந்தது. கட்டியின் செல்களில் எந்த மரபணு அடங்கிக் கிடக்கிறது, எது ஆட்டம் போடுகிறது என்று பார்த்து நூற்றுக்கு மார்க் போடுவார்கள். கீமோவா, வெறும் மாத்திரையா என்பது அந்த மார்க்கில் இருக்கிறது. டாக்டர் இதையெல்லாம் விளக்கியபோது மனைவி உன்னிப்பாகக் கேட்டாள். வாத்தியாரோ, முதலைக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்த கதையை வாசலில் காவலாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று கவுண்டரில் வாங்கிய உறையைப் பிரித்தார். பதினொன்று. கண் இருட்டியது. அவர் ஆயுளில் யாருக்கும் போடாத மார்க்.

மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள்.

"எவ்வளவுங்க?"

தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தொண்ணூத்தியொண்ணு."

அவள் முகம் வெளிறிப்போனது. கை தானாகப் பின்னலைப் பிடித்தது.

"நல்லாப் பாத்தீங்களா?"

"மார்க் பாக்கத் தெரியாத ஆளா நான்? சந்தோஷப்படும்மா."

"சந்தோஷமா? மார்க் ஏற ஏற, திரும்ப வர்ற ஆபத்தும் ஏறும்னு டாக்டர் சொன்னாங்களே. நீங்கதான் வாசல்ல முதலையோட இருந்தீங்க."

வாத்தியார் தாளை அவள் பக்கம் நீட்டினார். "இல்லம்மா... நெசமா பதினொண்ணுதான்."

"இப்பக் கொறச்சுப் போடுறீங்களா?"

"சத்தியமா."

"முதலைக் கதைக்கும் சத்தியம் பண்ணீங்க." அவர் நீட்டிய தாளை அவள் தள்ளிவிட்டாள். "டாக்டர் வாயால கேட்டுக்கறேன்."

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் தாளைப் புரட்டினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். வாத்தியாரின் சட்டைக் கையை மனைவி இறுக்கிப் பிடித்திருந்தாள். தையல் ஒன்று விட்டது.

"பதினொண்ணு. திரும்ப வர்ற வாய்ப்பு ரொம்பக் கம்மி. கீமோ வேண்டாம்மா, மாத்திரை போதும்."

அவள் சட்டையை விட்டாள். மூச்சு வர நேரமானது.

"நல்லவேளை," என்றாள், "இவர் திருத்தின பேப்பர் இல்ல."

வாசலில் காவலாளி எழுந்து நின்றான். "என்ன சார் ஆச்சு?"

"ஃபெயில்," என்றார் வாத்தியார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

முதலையை நம்பியவன் இதை மட்டும் நம்பவில்லை.