லாவோஸின் இடத்தில் மூன்று நிமிடம்

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்குத் தலைமை அந்த ஆண்டு மலேசியாவின் முறை. கூட்டங்களில் சில மற்ற மாநிலங்களுக்கும் பிரிந்து போனதால் ஈப்போவில் ஒரு தற்காலிக அலுவலகம் திறந்தார்கள். பத்து மாத ஒப்பந்தத்தில் எடுத்த பதினாறு பேரில் பிரமிளாவும் ஒருத்தி. வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு வருடம் கிராணியாகக் கணக்கெழுதிய தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பீடோர் பக்கம் அவள் பிறந்த ரப்பர் தோட்டம் செம்பனையாகிவிட்டது. அம்மா இறந்து மூன்று வருடம். கல்யாணம் ஆகவில்லை. தம்பி சுகுமாரன் சிங்கப்பூரில்.

மற்ற பதினைந்து பேரும் படிப்பு முடித்த கையோடு வந்த பிள்ளைகள். "அக்கா, அக்கா" என்று மரியாதையாகத்தான் இருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று பேச அவர்களுக்கு ஒரு வாட்சப் குழு இருப்பது அவளுக்கு மூன்றாவது மாதம்தான் தெரியவந்தது.

ஜூலையில் ஈப்போ ஓட்டல் ஒன்றில் அமைச்சர்கள் கூட்டம். அதற்கு முந்தின நாள் ஒத்திகை. விருந்தினர் இன்னும் வந்து சேரவில்லை. மைக்கையும் விளக்கையும் சரிபார்க்க ஊழியர்களையே நாட்டுப் பெயர் வைத்த நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள்.

"அக்கா, நீங்கதான் லாவோஸ்லா. அங்க உக்காருங்க," என்றான் ஒருங்கிணைப்பாளன் யுகேந்திரன். "உங்க முறை வந்ததும் மூணு நிமிஷம் மலாய்ல பேசுங்க. மொழிபெயர்க்கிறவங்க லைனையும் பாக்கணும்."

"என்னப்பா பேசுறது?"

"எதுனாலும் ஓகே. ஒன்னு ரெண்டு மட்டும் எண்ணாதீங்க."

மற்றவர்கள் கையில் இருந்த காகிதங்களைப் பார்த்து வாசித்தார்கள். பிரமிளாவிடம் காகிதம் எதுவும் இல்லை. கைப்பேசியை வாசலில் காவலர்கள் வாங்கி வைத்துவிட்டார்கள். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

காலையில் பெய்த மழையைப் பற்றித் தொடங்கினாள். பெர்ச்சாமில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதாகி இரண்டு வாரம் ஆவதைச் சொன்னாள். எதிரே யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருவன் மேசை விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தைரியத்தில் பேச்சு தானாக நீண்டது. வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்கவில்லை என்பது திங்கட்கிழமை பஸ் ஓட்டுநரிடம் பேசும்போதுதான் எனக்குத் தெரிகிறது, குரல் கட்டிக்கொண்டு வருகிறது என்றாள். கிளினிக் படிவத்தில் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில் தம்பியின் எண்ணை எழுதுகிறேன், அவன் வந்து சேர ஒரு நாள் ஆகும் என்றாள்.

"தெரிமா காசே, லாவோஸ்," என்று நன்றி சொன்னது ஒலிபெருக்கி. சிவப்பு விளக்கு அணைந்தது.

இடைவேளையில், மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் படியிறங்கி நேராக அவளிடம் வந்தார். வெள்ளைத் தலை, கழுத்தில் ஹெட்போன். கௌரி என்று பெயர், யாழ்ப்பாணப் பூர்வீகம். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. மலாயிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கக் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். அவரும் ஒப்பந்தம்தான்.

"நீங்கள்தானே பிள்ளை லாவோஸ்?"

பிரமிளாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சிருங்கக்கா. கண்டதையும் பேசிட்டேன்."

"அதில்லை. எங்கட வேலையில 'அவ சொல்லுறா' எண்டு சொல்லக்கூடாது. நீங்கள் 'நான்' எண்டால் நானும் 'நான்' எண்டுதான் சொல்லவேணும்." கௌரி ஹெட்போன் வயரை விரலில் சுற்றினார். "என்ர மனுசன் போய் அஞ்சு வருசம். நான் தனியத்தான் இருக்கிறன் எண்டு இண்டைக்குத்தான் முதல்தரம் வாய் திறந்து சொன்னனான். அதுவும் இங்கிலீசில."

பிரமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் கண் கலங்கியது. "சாப்டிங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

கூட்டம் நடந்த மூன்று நாளும் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. மூட்டு வலி, ஓட்டல் சாம்பாரில் இருந்த சீனி, கௌரியின் மகள் கௌசிகா மெல்பர்னிலிருந்து பேசும் நேரம். கடைசி நாள் கார் வந்து நின்றபோது பிரமிளா கைப்பேசியை எடுத்தாள்.

"நம்பர் தாங்கக்கா."

"வேண்டாம் பிள்ளை. தந்தால் நான் போனையே பாத்துக்கொண்டு இருப்பன். மகள் எடுப்பாள் எண்டு பாக்கிறதே போதும்." பிரமிளாவின் கையை ஒருமுறை இறுகப் பிடித்துவிட்டுக் காரில் ஏறினார்.

பிரமிளாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நவம்பரில் ஈப்போவில் இன்னொரு கூட்டம் இருந்தது. கௌரி வருவார் என்று மனத்தளவில் அதற்காகவே காத்திருந்தாள். பெயர்ப் பட்டியல் வந்தபோது கண்ணாடி அறைக்கு வேறு யாரோ இருவர். யுகேந்திரனிடம் கௌரியின் எண்ணைக் கேட்டாள். கொடுக்கக்கூடாது, வேண்டுமானால் சேதி அனுப்புகிறேன் என்றான்.

"நல்லா இருக்காங்களான்னு கேளு, போதும்."

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "நல்லா இருக்காங்களாம்கா. மக வீட்டுக்கே போயிட்டாங்களாம். இனிமே அங்கதானாம்."

டிசம்பரோடு தலைமை முறை பிலிப்பீன்சுக்குப் போனது. ஒப்பந்தமும் முடிந்தது. பிள்ளைகள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள், அவளையும் நடுவில் நிறுத்தி. அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு மாலை சுகுமாரன் கூப்பிட்டான். வழக்கம்போல, "எப்படிக்கா இருக்க?" என்றான். வழக்கம்போல நல்லா இருக்கேன் என்று சொல்லத்தான் அவளும் வாயெடுத்தாள்.

"ரொம்பத் தனியா இருக்குடா," என்றாள்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள்.

"ஏன்கா முன்னயே சொல்லல?"

"தெரியலடா."

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வந்தான். இரண்டு நாள் இருந்தான், பெரும்பாலும் தூங்கினான். கிளம்பும்போது, "இனி மாசம் ஒருக்கா வாரேன்," என்றான். மார்ச்சில் வேலை அதிகம், வர முடியவில்லை. ஏப்ரலில் வந்தான்.